மஞ்சள் லைட் எரிந்தவுடன் ஆக்சிஜன் சென்சார் வாங்க ஓடாதீர்கள்

மீட்டரில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிந்ததும் சுங்கை சிப்புட் பக்கத்துப் பட்டறைகளில் முதலில் காதில் விழுவது இதுதான்: "அண்ணே, ஆக்சிஜன் சென்சார் போச்சாம். ஈப்போவுல விலை கேட்டுச் சொல்லுங்க." யாரோ புளூடூத் ஸ்கேனரைச் செருகிப் பார்த்திருப்பார்கள். பி0171 என்றோ பி0420 என்றோ ஒரு பழுதுக் கோட் வந்திருக்கும். கைப்பேசியில் அந்த எண்ணைத் தேடினால் முதல் வரியிலேயே சென்சார் என்று போட்டிருக்கும். சில நூறு வெள்ளி கொடுத்துப் புதுசு போட்டு லைட்டை அழித்தால் ஒரு வாரம் நிம்மதியாக ஓடும். பிறகு மறுபடியும் அதே லைட், அதே கோட்.

ஏதோ ஓர் அளவு எல்லையைத் தாண்டிவிட்டது என்பதை மட்டுமே கோட் சொல்கிறது. எந்தச் சாமான் கெட்டது என்று அது சொல்வதே இல்லை. ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் வாளிப் பாலில், அதன் கெட்டியை அளக்கும் மெட்ரோலாக்கை விட்டுப் பார்க்கிறோம், பால் தண்ணியாக இருக்கிறது என்று காட்டுகிறது. உடனே மெட்ரோலாக்கையா தூக்கி எறிவோம்? பாலில் யார் தண்ணி கலந்தது என்றுதானே கேட்போம். எக்சோஸ் புகையில் உள்ள ஆக்சிஜனைப் பார்க்கும் இந்தச் சென்சாரும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதுவும் கெட்டுப்போகும், மறுக்கவில்லை. ஆனால் அது கெட்டதா, அது காட்டுகிற விஷயம் கெட்டதா என்று ஒரு மல்டிமீட்டரும் மலிவான ஸ்கேனரும் வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் பிரித்துவிடலாம்.

நாலு சிலிண்டர், மூணு சிலிண்டர் காடிகளில் வழக்கமாக இரண்டு சென்சார் இருக்கும். எக்சோஸ் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக்குக்கு முன்னால் இருப்பது பேங்க் 1 சென்சார் 1. பின்னால் இருப்பது பேங்க் 1 சென்சார் 2. பேங்க் 2 என்று கோட் வந்தால் அது வி6 மாதிரி இரண்டு பக்கமும் சிலிண்டர் உள்ள இஞ்சின். அதில் ஒன்றாம் நம்பர் சிலிண்டர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் பேங்க் 1. இந்த இரண்டு சென்சாருக்கும் வேலை வேறு. முன்னால் இருப்பதைப் பார்த்துத்தான் இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. பின்னால் இருப்பதன் முதல் வேலை, கேட்டலிட்டிக் ஒழுங்காக இருக்கிறதா என்று காவல் பார்ப்பது. ஸ்பேர்பார்ட் கடையில் "ஆக்சிஜன் சென்சார் ஒண்ணு" என்று மொட்டையாகக் கேட்டு வாங்கி வந்து, எதைக் கழற்றுவது என்று முழிப்பவர்கள் இன்றும் உண்டு.

பழைய வகை சென்சாரின் தலைக்குள் இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். அதன் வெளிப்பக்கத்தில் எக்சோஸ் புகை, உள்பக்கத்தில் வெளிக்காற்று. 300 டிகிரிக்கு மேல் சூடானதும் இரு பக்கத்து ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப அது சின்ன வோல்டேஜ் ஒன்றைக் கொடுக்கும். பெட்ரோல் கூடுதலாக எரிந்தால், அதாவது ரிச்சாக ஓடினால், 0.8 அல்லது 0.9 வோல்ட். காற்று கூடி லீனாக இருந்தால் 0.1 வோல்ட். நடுக்கோடு 0.45. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற இடத்தில்தான் இந்தத் தாவல் நடக்கும். பாஷ் நிறுவனம் 1976-ல் வால்வோ காடியில் முதலில் கொண்டுவந்த அமைப்பு இது. அடிப்படைத் தத்துவம் இன்றும் மாறவில்லை.

புதிய காடிகளில் முன் சென்சார் பெரும்பாலும் ஏ/எஃப் சென்சார் எனப்படும் அகலப்பட்டை வகை. பார்க்க அதே உருவம், திருகும் அதே எம்18, வயரும் சிலதில் அதே நாலு. ஆனால் இது 0.1, 0.9 என்று தாவாது. எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்பதை மின்னோட்டமாகக் கொடுக்கும், அதை இசியூ லாம்டா எண்ணாக மாற்றிக்கொள்ளும். லாம்டா 1.00 என்றால் சரியான கலவை, 0.95 என்றால் ரிச், 1.05 என்றால் லீன். இதில் போய் மல்டிமீட்டரை வைத்து "வோல்டேஜ் ஆடவே இல்லை, சென்சார் செத்துவிட்டது" என்று தீர்ப்பு எழுதி, நல்ல சாமானைக் குப்பையில் போடுவது நம்ம ஊர்ப் பட்டறைகளில் அடிக்கடி நடக்கிறது. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டாலும் வேலை செய்யாது. பழைய சென்சாரில் அச்சடித்திருக்கும் நம்பரைப் பார்த்தே வாங்குங்கள்.

முதலில் ஸ்கேனர்

ஸ்கேனரைச் செருகும் ஓபிடி பிளக் ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும், 16 பின். இஎல்எம்327 வகை மலிவான புளூடூத் ஸ்கேனரே இந்த வேலைக்குப் போதும். பழைய உள்ளூர் காடிகள் சிலவற்றோடு மட்டும் அது பேசாது.

கோடைப் பார்த்ததும் அழிக்காதீர்கள். அழித்தால் கூடவே ஃபிரீஸ் ஃப்ரேமும் போய்விடும். லைட் எரிந்த நொடியில் இஞ்சின் சூடு எவ்வளவு, சுற்று எவ்வளவு, லோட் எவ்வளவு, காடி ஓடிக்கொண்டிருந்ததா நின்றிருந்ததா என்பதெல்லாம் அதில்தான் பதிவாகி இருக்கும். ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைப் போர்மேனிடம் போகும்போது அந்தப் படம் ஒன்றே அவருடைய பாதி வேலையைக் குறைக்கும்.

அடுத்து ஃபியூவல் ட்ரிம், அதாவது பெட்ரோல் அளவில் இசியூ செய்யும் திருத்தம். இதில் இரண்டு எண் வரும். எஸ்டிஎஃப்டி என்பது அந்த நேரத்துத் திருத்தம், எல்டிஎஃப்டி என்பது இசியூ நாள்பட்டுக் கற்று வைத்திருக்கும் திருத்தம். கூட்டல் குறி என்றால் இசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது, கழித்தல் என்றால் குறைக்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்து ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தால் பேச்சே இல்லை, பத்து வரைக்கும் பொறுக்கலாம். பல காடிகளில் கூட்டல் 25-ஐ நெருங்கும்போதுதான் லீன் கோடான பி0171 விழும். லைட் எரிவதற்கு வெகுநாள் முன்பே இந்த எண் ஏறத் தொடங்கியிருக்கும் என்பது இதிலிருந்தே புரியும்.

இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஒருமுறை, 2,500 சுற்றில் பிடித்துவைத்து ஒருமுறை பாருங்கள். ஐடிலில் கூட்டல் 22, சுற்று ஏறியதும் கூட்டல் 4 என்று இறங்கினால் காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது: வேக்குவம் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட், இஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி குழாய். ஐடிலில் கொஞ்சம் காற்று திருடினாலே பெரிய பங்கு, சுற்று ஏறினால் அது கணக்கிலேயே வராது. அதற்கு நேர் எதிராக, சுற்றும் லோடும் ஏற ஏறக் கூட்டலும் ஏறினால் பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம் குறைவு, ஃபில்டர் அடைப்பு, அல்லது காற்றளவு சென்சாரில் தூசு. எல்லா இடத்திலும் கழித்தல் என்றால் இன்ஜெக்டர் சொட்டுகிறது, அல்லது பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது. இந்தச் சோதனைக்குச் சாமான் எதுவும் கழற்ற வேண்டியதில்லை, பணமும் செலவில்லை.

ஒரு நுணுக்கம். நம் ஊரில் ஓடும் சின்னக் காடிகள் பலவற்றில் காற்றளவு சென்சாருக்குப் பதில் மேப் சென்சார் இருக்கும். இன்டேக்கில் உள்ள அழுத்தத்தை வைத்து அது காற்றைக் கணக்கிடும். அப்படிப்பட்ட இஞ்சினில் வேக்குவம் ஹோஸ் கிழிந்தாலும் உள்ளே வந்த காற்று அழுத்தக் கணக்கில் சேர்ந்துவிடும், பெட்ரோலும் அதற்கேற்பக் கூடும். அதனால் லீன் கோட் வராமல் ஐடில் மட்டும் 1,100, 1,200 என்று ஏறி நிற்கும். "கோட் இல்லையே, அப்புறம் ஏன் ஐடில் ஏறுது" என்று குழம்புவோர் ஹோஸைப் பாருங்கள்.

சென்சார் சொல்வது பொய் என்றால்

சென்சார் நல்லதாக இருந்தும் தப்பாகச் சொல்ல முக்கியமான காரணம் எக்சோஸ் கசிவு. இஞ்சினோடு எக்சோஸ் சேரும் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் சின்னக் கீறல் விழுந்தால் புகை வெளியே போவதோடு கதை முடிவதில்லை. எக்சோஸ் துடித்துத் துடித்துத்தான் ஓடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் குழாயில் ஒரு கணம் அழுத்தம் இறங்கும்போது வெளிக்காற்று அந்தக் கீறல் வழியாக உள்ளே இழுபடும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு லீன் என்கிறது. இசியூ நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. உண்மையில் இஞ்சின் ரிச்சாக ஓடும், ஸ்கேனரிலோ லீன் கோட். பெட்ரோல் குடிக்கிறது, பிளக்கு கறுப்பாகிறது, கோட் மட்டும் தலைகீழாகச் சொல்கிறது என்றால் முதல் சந்தேகம் இங்கேதான்.

கசிவைக் கண்டுபிடிக்க இஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் "டிக் டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் சத்தம் மறைந்தால் மேனிஃபோல்டில் கீறல், இரும்பு விரிந்து தானாக மூடிக்கொள்கிறது. இணைப்புகளைச் சுற்றிக் கரி படிந்த கோடு தெரிந்தாலும் அதே அர்த்தம். இன்னும் உறுதியாகப் பார்க்க, ஊதும் வசதி உள்ள வேக்குவம் கிளீனரின் குழாயைப் பின் எக்சோஸ் வாயில் துணி சுற்றிச் செருகி ஊதவிட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணியை அடியுங்கள். இஞ்சின் ஓடக்கூடாது. நுரை கொப்பளிக்கும் இடம்தான் ஓட்டை. செம்மண் ரோட்டில் தினமும் குலுங்கி ஓடும் காடிகளில் ஃபிளெக்ஸ் பைப்பின் வலை கிழிவது சகஜம், அதை மறக்காதீர்கள்.

இஞ்சின் சூட்டை நிலையாக வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது இன்னொன்று. "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு" என்ற பழைய பழக்கம் இன்னும் சாகவில்லை. தெர்மோஸ்டாட் 80-க்கும் 90-க்கும் இடையில் ஏதோ ஒரு டிகிரியில் திறக்கிற மாதிரி கணக்குப் போட்டுத்தான் இசியூவுக்குப் பாடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது இல்லாத இஞ்சின் 65, 70-லேயே நின்றுவிடும். இஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து இசியூ ரிச்சாகவே ஊற்றும், சென்சார் தலையில் கரி ஏறும், தனது சோதனைகளையும் அது ஓட்டி முடிக்காது. பி0128 என்ற கோட் வந்தால் சென்சாரை விடுங்கள், நூறு வெள்ளிகூட ஆகாத அந்தச் சாமானைத் திரும்பப் போடுங்கள்.

அப்புறம் எலி. செம்பனைத் தோட்டம் சுற்றி இருக்கும் ஊரில் எலிக்குப் பஞ்சமா? அதைப் பிடிக்கக் கூண்டு கட்டி ஆந்தையே வளர்க்கிறார்கள். இரவில் சூடான இஞ்சின் பக்கம் ஒதுங்கும் எலி, கைக்கு எட்டுகிற வயரைக் கடித்துவிட்டுப் போகும். சென்சார் வயரும் அதில் அடக்கம். சென்சாரின் ஹீட்டரைக் குறிக்கும் பி0135, பி0141 போன்ற கோட் வந்தால் புதுசு வாங்கும் முன் வயரை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். கேபிள் உறை கிழிந்திருக்கும், அல்லது சூடான குழாயில் பட்டு உருகியிருக்கும்.

சூடேற்றியும் சிக்னலும்

சென்சாருக்குள் ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. எக்சோஸ் சூட்டுக்காகக் காத்திருக்காமல் சீக்கிரம் வேலை தொடங்க அது தேவை. உண்மையாகவே கெட்ட சென்சார்களில் முதலில் சாவது பெரும்பாலும் இந்த ஹீட்டர்தான். சோதிப்பது சுலபம். இஞ்சின் குளிர்ந்ததும் கனெக்டரைக் கழற்றி, ஒரே நிறத்தில் உள்ள இரண்டு வயருக்கு நடுவில் ஓம் பாருங்கள். டென்சோவில் அவை கறுப்பு. அதில் நீலம் சிக்னல், வெள்ளை எர்த். என்டிகே, பாஷ் வகைகளில் இரண்டு வெள்ளை ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். டொயோட்டா வகைக் காடிகளின் சாதாரண ஆக்சிஜன் சென்சாரில் ஹீட்டர் 11 முதல் 16 ஓம் வரை காட்டும், ஏ/எஃப் சென்சாரில் 2, 3 ஓம்தான். மற்ற கம்பெனிகளில் எண் வேறாக இருக்கும், ஆனால் மீட்டர் எல்லையில்லாமல் காட்டினால் எதுவானாலும் ஹீட்டர் அறுந்துவிட்டது என்றே அர்த்தம்.

ஓம் சரியாக இருக்கிறது, கோட் மட்டும் வருகிறது என்றால் காடி பக்கத்துக் கனெக்டரில் சாவி போட்டு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். முன் சென்சார், பின் சென்சார் இரண்டுக்கும் ஹீட்டர் கோட் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டும் ஒன்றாகச் செத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பொதுவான ஃபியூஸ் அல்லது ரிலேயைப் பாருங்கள். ஒரு வெள்ளி ஃபியூஸுக்காக இரண்டு சென்சார் மாற்றிய கதை இதனால்தான் நடக்கிறது.

சிக்னலைப் பார்க்க ஸ்கேனரின் கிராஃப் போதும். பழைய வகை முன் சென்சார் என்றால் சூடான இஞ்சினை 2,500 சுற்றில் பிடியுங்கள். கோடு மேலும் கீழும் சுறுசுறுப்பாக ஏறி இறங்க வேண்டும். 10 விநாடியில் எட்டுத் தடவையாவது 0.45-ஐக் கடக்க வேண்டும் என்பது டொயோட்டா கையேடுகளில் வரும் அளவு. ஏறுகிறது, இறங்குகிறது, ஆனால் சோம்பேறித்தனமாக உருண்டு போகிறது என்றால் தலை அழுக்கேறி மந்தமாகிவிட்டது. பி0133 என்பது அதைத்தான் சொல்கிறது. இன்னொரு சோதனை: ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்து விடுங்கள். மிதித்ததும் 0.8-க்கு மேல் தாவி, காலை எடுத்ததும் பெட்ரோல் துண்டிக்கப்படும் அந்த நொடியில் பூஜ்யத்துக்கு அருகில் விழ வேண்டும். இரண்டு பக்கமும் தொட்டுவிட்டால் அந்தச் சென்சாருக்கு உயிர் இருக்கிறது. ஏ/எஃப் வகையில் வோல்ட்டைப் பார்க்காமல் லாம்டா எண்ணைப் பாருங்கள்: மிதிக்கும்போது ஒன்றுக்குக் கீழே, விடும்போது சட்டென்று மேலே.

பி0420

இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் அதிகம் பணம் தின்பது இதுதான். கேட்டலிட்டிக்கின் திறமை குறைந்துவிட்டது என்று இந்தக் கோட் சொல்கிறது. இசியூ இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நல்ல கேட்டலிட்டிக் உள்ளே ஆக்சிஜனைச் சேமித்து வைத்து வெளியே விடும். அதனால் முன்னால் கலவை எவ்வளவு ஆடினாலும் பின்னால் வரும் புகையில் ஆக்சிஜன் அதிகம் ஆடாது. பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் சோம்பலாக நிற்கும். கேட்டலிட்டிக் வயதாகிச் சேமிக்கும் சக்தி போனால், பின் சென்சாரும் முன் சென்சார் மாதிரியே ஆடத் தொடங்கும்.

கவனியுங்கள், பின் சென்சார் உற்சாகமாக ஆடுகிறது என்றால் அது நன்றாக வேலை செய்கிறது. பி0420-க்குப் பின் சென்சாரை மாற்றுவது பெரும்பாலும் வீண். முதலில் இரண்டு சென்சாருக்கும் நடுவில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், அந்தக் கசிவே இந்தக் கோடைக் கொண்டுவரும். அடுத்து இஞ்சினை நன்றாகச் சூடாக்கி, 2,500 சுற்றில் இரண்டு மூன்று நிமிடம் பிடித்து, பிறகு பின் சென்சார் கிராஃபைப் பாருங்கள். அப்போதும் அது தாவித் தாவி ஆடினால் கேட்டலிட்டிக் போய்விட்டது. ரப்பர் சுத்தியால் தட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் தேன்கூட்டுப் பீங்கான் உடைந்திருக்கிறது.

கேட்டலிட்டிக் போய்விட்டது என்று தெரிந்ததும் புதுசு வாங்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. கேட்டலிட்டிக் சும்மா சாவதில்லை. சிலிண்டரில் பெட்ரோல் ஒழுங்காக எரியாத மிஸ்ஃபயரோ, இஞ்சின் எண்ணெய் எரிவதோ, நாள்பட்ட ரிச்சோ அதைக் கொன்றிருக்கும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால் அதுவும் அதே வழியில் போகும். மஞ்சள் லைட் நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர் மோசமாகி, எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக்குக்குள் போய் அங்கே எரிகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, சீக்கிரம் நிறுத்துங்கள். அந்தக் கொஞ்ச நேரத்திலேயே உள்ளிருக்கும் பீங்கான் உருகிவிடும். பிளக்கு, காயில் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கேட்டலிட்டிக் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

பின் சென்சாரை நீட்டிப் பொருத்தி ஏமாற்றும் ஸ்பேசர் துண்டுகள் இணையத்தில் பத்து, இருபது வெள்ளிக்குக் கிடைக்கின்றன. லைட் அணையும், உண்மைதான். அடைத்துக்கொண்ட கேட்டலிட்டிக்கும் அப்படியே இருக்கும், புகையும் அப்படியே வரும், அடுத்து என்ன கெட்டாலும் உங்களுக்குத் தெரியாது. நான் அதைப் பொருத்தித் தருவதில்லை.

கழற்றிய தலையைப் பாருங்கள்

கெட்ட சென்சாரைக் கழற்றியதும் குப்பையில் போடாமல் வெளிச்சத்தில் வைத்து நுனியைப் பாருங்கள். உலோக மூடியில் துளைகள் இருக்கும், அவற்றின் மேல் படிந்த நிறம் காரணத்தைச் சொல்லும். மென்மையான கறுப்புக் கரி என்றால் இஞ்சின் ரிச்சாக ஓடுகிறது. பழுப்பும் சாம்பலும் கலந்த தடித்த படிவு என்றால் இஞ்சின் எண்ணெய் எரிகிறது, வால்வு சீல் அல்லது ரிங். மாவு பூசிய மாதிரி வெள்ளை என்றால் சிலிக்கோன். கேஸ்கெட்டுக்குப் பதில் சிலிக்கோன் பசையை ஒரு டியூப் முழுக்கப் பிதுக்கியவர் யார் என்று கேளுங்கள். சென்சாருக்குக் கெடுதல் இல்லாதது என்று எழுதிய பசை தனியாக உண்டு. பச்சை கலந்த வெள்ளையானால் கூலன்ட் எரிகிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். செங்கல் நிறத்தில் சிவப்பானால் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்களில் வரும் மாங்கனீஸ். ரோன்95 ஊற்றச் சொன்ன காடிக்கு அந்தப் பாட்டில் தேவையே இல்லை.

கரி படிந்த தலை, ரிச்சைச் சரிசெய்து நீண்ட தூரம் நன்றாக ஓட்டினால் சில நேரம் தானாக எரிந்து சுத்தமாகும். சிலிக்கோனும் எண்ணெய்ச் சாம்பலும் போகவே போகாது. பெட்ரோலில் ஊறவைப்பது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது எல்லாம் சென்சாரைக் கொல்லும் வேலைகள்.

மாற்றும்போது

உண்மையிலேயே மாற்றத்தான் வேண்டும் என்றால் இஞ்சினை ஐந்து பத்து நிமிடம் ஓட்டி, கொஞ்சம் சூடாக இருக்கும்போதே தளர்த்துங்கள். முழுக்கக் குளிர்ந்தால் இறுகிக்கொள்ளும், முழுச் சூட்டில் கை வெந்துவிடும். முந்தின நாள் இரவே பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து வைப்பது நல்லது. 22 மில்லிமீட்டர் சாவி வேண்டும். பக்கத்தில் வெட்டு விட்ட ஆக்சிஜன் சென்சார் சாக்கெட் இருந்தால் வயரை அறுக்காமல் வேலை முடியும். பழையது எப்படியும் குப்பைக்குப் போவதென்றால் வயரை வெட்டிவிட்டு ரிங் சாவியைப் போடுங்கள், முனை வழுக்காது. வரவில்லை என்று முரட்டுத்தனமாகத் திருப்பினால் திருகு உரிந்துகொண்டு வரும். பிறகு எம்18, 1.5 பிட்ச் டேப் போட்டுச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

புது சென்சாரின் திருகில், அது இறுகிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பெரும்பாலும் பூசியே வரும். நீங்கள் மேலும் பூசினால் திருகில் மட்டும் பூசுங்கள், நுனியில் ஒரு துளிகூடப் படக்கூடாது. கையால் முழுக்கத் திருகி, பிறகு 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். வயர் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கக் கனெக்டரைப் பொருத்துவது கடைசி வேலையாக இருக்கட்டும். வயரைப் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள். சூடான குழாயில் உரசினால் மூன்று மாதத்தில் மறுபடியும் வருவீர்கள். தரையில் விழுந்த சென்சாரைப் பொருத்தாதீர்கள், உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

மலிவான பொதுச் சென்சார் வாங்கி வயரை வெட்டிச் சேர்ப்பவர்களுக்கு ஒன்று: சாலிடர் வைக்காதீர்கள். பல சென்சார்கள் உள்ளுக்குத் தேவையான வெளிக்காற்றை வயர் இழைகளின் இடைவெளி வழியாகத்தான் சுவாசிக்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். கிளிப் போட்டு அழுத்திச் சேர்க்கும் கிரிம்ப் செய்யுங்கள். கனெக்டரில் கிரீஸ் அப்புவதும் அதே காரணத்தால் தப்பு. என்னைக் கேட்டால் அந்த வகையைத் தவிர்த்துவிட்டு, பிளக்கோடு வரும் நேரடி வகையையே வாங்கலாம். விலை கூடுதல்தான், ஆனால் ஹீட்டர் உள்ள நல்ல சென்சார் 160,000 கிலோமீட்டர் வரை ஓடும்.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணிக்குள் சூடான காடியை இறக்குவதும் சென்சாரைக் கொல்லும். சிவந்து சூடான பீங்கான் மேல் தண்ணி பட்டால் விரிசல் விடும். பின் சென்சார் காடிக்கு அடியில் இருப்பதால் அடி வாங்குவது அதுதான். தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காடிகளில் எக்சோஸ் குழாயில் ஈரம் காயவே காயாது. வாரத்துக்கு ஒருமுறையாவது கோல கங்சார் வரை ஒரு நீள ஓட்டம் விடுங்கள்.

டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. யூரோ 5 டீசல் 2021 ஏப்ரலில் கட்டாயமானது, அதில் கந்தகம் 10 பிபிஎம்-க்குள். டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப் உள்ள வண்டிகள் அந்த டீசலுக்காகச் செய்யப்பட்டவை. டிராக்டருக்காக டிரம்மில் நாள்பட்டுக் கிடக்கும் டீசலை அதில் ஊற்றாதீர்கள். டிபிஎஃப் அடைப்பு என்று கோட் வந்தால் முதலில் அழுத்த வித்தியாச சென்சாருக்குப் போகும் இரண்டு மெல்லிய ரப்பர் குழாய்களைப் பாருங்கள். வெடித்திருக்கும், அல்லது உருவி விழுந்திருக்கும். குழாய் சரியாக இருந்தால் ஸ்கேனரில் ஐடில் அழுத்தத்தைப் பாருங்கள். சுத்தமான டிபிஎஃபில் அது சில மில்லிபார்தான். இஞ்சின் எண்ணெய் சாம்பல் குறைந்த சி3 வகையாக இருக்கட்டும். கரியை எரித்து நீக்கலாம், சாம்பலை நீக்க முடியாது.

பழைய காடி வாங்கப் போகிறவர்களுக்கும் இது பயன்படும். லோரி மாதிரி வணிக வண்டிகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு, சொந்தக் காடிக்கு அது கிடையாது. அதனால் மஞ்சள் லைட்டோடு ஐந்து வருடம் ஓடிய காடியும் கைமாறும். விற்பவர் அன்றைக்குக் காலையில் கோடை அழித்துவிட்டால் லைட் எரியாது. ஆனால் ஸ்கேனரில், இசியூ தன் சோதனைகளை முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் பக்கத்தைத் திறந்தால் கேட்டலிட்டிக், ஆக்சிஜன் சென்சார், ஹீட்டர் எல்லாம் "முடியவில்லை" என்று நிற்கும். இசியூ அந்தச் சோதனைகளை முடிக்கச் சில நாள் கலந்து ஓட வேண்டும், ஊருக்குள்ளும் ஹைவேயிலும். பேட்டரி மாற்றினாலும் இப்படி ஆகும். "பேட்டரி நேத்துதான் மாத்தினேன் தம்பி" என்று சொன்னால், பேட்டரியின் தேதியைப் பாருங்கள். சாவியை ஸ்டார்ட்டுக்குப் போகாமல் ஆன் வரை மட்டும் திருப்பி, மஞ்சள் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள். இஞ்சின் ஓடாதபோது அது எரிந்தே ஆக வேண்டும். எரியாவிட்டால் மீட்டருக்குள் யாரோ கை வைத்திருக்கிறார்கள். முன்பணம் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.